லட்சுமணனுக்கு அன்றைக்கு ஜுரம்

பட்டாபிராமில் ரயில் ஏறினால் அம்பத்தூருக்கு அரை மணிகூட ஆகாது. என்ன சொல்வது என்று யோசிக்க எத்திராஜுக்கு அன்று அந்த நேரம் போதவில்லை. மடியில் மஞ்சள் பை. பைக்குள் மகள் ரேகாவின் கல்யாணப் பத்திரிகையும் ஆல்பமும். பக்கத்தில் மகன் லட்சுமணன், இருபத்தெட்டு வயது, ஒவ்வொரு ஸ்டேஷன் பேரையும் சத்தமாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தான். பிறவியிலேயே அவனுக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டவை. பேச்சு குழறும். ஆனால் எல்லாம் புரியும். அதுதான் எத்திராஜை உறுத்தும்.

ரேகா ஜெர்மனியில் நர்ஸ். எத்திராஜின் பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். மூட்டை தூக்கித் தூக்கி அவர் முதுகும் போய்விட்டது. "உனுக்கப்புறம் அவன யாரு நைனா பாத்துப்பாங்க? எங்ககூடவே இருக்கட்டும்" என்று ரேகா தம்பியை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள விசாவுக்கு ஏற்பாடு செய்திருந்தாள்.

அம்பத்தூரில் விசா பேப்பர்களைச் சரிபார்த்துக் கொடுக்கும் சுதா, கூடப்பிறந்தவன் என்பதற்குப் பழைய அத்தாட்சி ஒன்று கேட்டிருந்தாள். "கல்யாணப் பத்திரிகை இருக்கா?" என்றபோது, "கீதும்மா" என்று வாய் முந்திக்கொண்டது. பிறகு மாற்றிச் சொல்ல வரவில்லை.

அவர்கள் போய் உட்கார்ந்ததும் சுதா பத்திரிகையைப் பிரித்தாள். விரல் வரிவரியாக இறங்கி நின்றது. ஆல்பத்தையும் புரட்டினாள்.

"இன்னாய்யா, தம்பி பேரையே காணம்? ஒரு ஃபோட்டோல கூட இல்ல?"

எட்டு வருஷத்துக்கு முன் பெண் பார்க்க வந்தவர்களிடம் எத்திராஜ், "எனுக்கு ஒரே பொண்ணு" என்று சொல்லிவிட்டார். லட்சுமணன் அப்போது பக்கத்து வீட்டு யூசுப் வீட்டில் உட்கார்ந்திருந்தான். கல்யாணத்தன்றும் அங்கேதான். யூசுப் வீட்டில் பிரியாணி ஆக்கிப் போட்டார்கள். மண்டபத்தில் கேட்ட சொந்தக்காரர்களுக்கெல்லாம், "அவனுக்கு ஜொரம்" என்று காதோடு பதில் சொன்னார். அதையே சொல்லச் சொல்லி மகனுக்கும் பழக்கிவைத்தார். மூன்றாம் நாள் ரேகாவே புருஷன் மணவாளனிடம் உண்மையைச் சொன்னாள். "இதுக்கா மாமா பயந்தாரு?" என்று மட்டும் அவன் கேட்டானாம். அடித்திருந்தால் தேவலை.

சுதாவே வழி சொன்னாள். "பிரஸ்ல விட்டுட்டாங்கன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. அங்க கீறவங்களுக்கு இன்னா தெரியப்போவுது?"

எத்திராஜ் தலையாட்டப் போனார். அதற்குள் லட்சுமணன் முந்திக்கொண்டான்.

"அக்கா, எனுக்கு அன்னிக்கி ஜொரம். அதான் வர்ல."

சுதா சிரித்துவிட்டாள். "ஜொரம் வந்தா பத்திரிகைல பேரு கூடவா போடமாட்டாங்க?"

"ரொம்ப ஜொரம்க்கா" என்றான் அவன், அப்பனைப் பார்த்துக்கொண்டே.

எத்திராஜுக்கு உட்கார்ந்த இடம் சுட்டது. அந்த ஜுரக் கதை போதும், நிறுத்து என்று இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அவனிடம் சொல்லவில்லையே.

"பேப்பர் குடும்மா" என்றார். நாற்பது வயதுக்குமேல் கற்ற எழுத்து. மெதுவாக, அழுத்தி எழுதினார்.

'ஐயா, பிரஸ்காரர் மேல் தப்பு இல்லை. பத்திரிகையில் என் மகன் பேரைப் போட வேண்டாம் என்று சொன்னவன் நான். சம்பந்தம் கலைந்துவிடும் என்று பெற்ற பிள்ளையை மறைத்தேன். லட்சுமணன் ரேகாவின் கூடப்பிறந்த தம்பி. அவனுக்கு அன்றைக்கு ஜுரம் இல்லை.'

கீழே கையெழுத்துப் போட்டுத் தள்ளிவைத்தார். சுதா படித்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "கடசி வரி அவங்களுக்குப் புரியாதுய்யா."

"இருக்கட்டும்மா."

"சரி, இதையே வெச்சு அனுப்பறேன்" என்று காகிதத்தைக் கோப்பில் சேர்த்தாள்.

"இன்னா நைனா எழுதின?" என்றான் லட்சுமணன்.

"உனுக்கு ஜொரம் இல்லன்னு எழுதிட்டேன்டா. நான்தான் உன்ன மறச்சேன்னு எழுதிட்டேன்."

லட்சுமணன் அப்பனின் காய்த்துப்போன கையை இடது கையால் தட்டினான்.

"பிரியாணி நல்லாத்தான் இருந்துச்சு நைனா."