அறுப்பில்லாத மீன்

ஆடு மாடு போல ஓதி அறுக்கிற அறுப்பு மீனுக்கு இல்லை. எப்படிச் செத்தாலும் ஹலால்தான். இந்த ஒரு சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சாய்ந்தமருது ஊர் முழுவதும் வெடி போட்டுப் பிடித்த மீனை மூக்கு முட்டத் தின்றது. மலை உடைக்கிற இடத்திலிருந்து களவாக வந்த வெடி. போட்ட இடத்தில் குஞ்சு குருமான் எல்லாம் செத்து மிதக்கும். அதைப் பற்றி யாருக்கு என்ன கவலை? மீன் மலிவு, அவ்வளவுதான். பரீனாவும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான்.

மகளின் கலியாணத்துக்கு முதல் நாள், "ஜவுபர், நாளைக்கு ரெட்டிப்பாக் கொண்டு வாங்க" என்று மீன்காரனிடம் சொன்னவள் அவள். விடிந்ததும் கடல் பக்கம் 'தொம்' என்று கேட்டது. மீன் வரவில்லை. எறியவேண்டிய வெடி கையிலேயே வெடித்து ஜவுபர் மௌத்தாகிப் போனான். மையித்தை மூடியே கொண்டுவந்தார்கள்.

அன்றிலிருந்து பரீனாவுக்கு மீன் ஆய்வதென்றால் நடுக்கம். வெடி மீனின் வெளியில் ஒரு கீறல் இருக்காது. வயிற்றைக் கீறினால் முள் நொறுங்கி, முதுகோரம் இரத்தம் கட்டிக் கிடக்கும். கத்தியை வைக்கும்போதெல்லாம் வேலிக்கு வெளியே "ராத்தா, இது காணுமா, இன்னும் வேணுமா?" என்று ஜவுபரின் குரல் கேட்கும். எட்டிப் பார்ப்பாள். வெறும் மணல் ஒழுங்கை. தண்ணீர் ஓதிக் குடித்தும் பார்த்தாள்; குரல் போகவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று வாயைத் திறக்கவுமில்லை.

புருஷன் போனபின் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்து முடித்த ஜவுபரின் மனைவி சபூறா, ஒரு காலையில் மீன் கூடையோடு பரீனாவின் வாசலில் வந்து நின்றாள்.

"பாரை, ராத்தா. என்ட தம்பி நூஹு புடிச்சது. வாங்குங்க, புள்ளைகள் பட்டினி."

பரீனா ஒரு மீனைத் தூக்கி முதுகை அழுத்தினாள். விரல் உள்ளே போயிற்று.

"வெடியா?"

"ஓம். வேற என்ன செய்ற? எல்லாரும் அதத்தானே வாங்குற."

"சபூறா, அண்டைக்கு ரெட்டிப்பாக் கேட்டது நான்தான்."

"தெரியும். அதாலதான் முதல்ல இஞ்ச வந்தன்."

வாங்கினால் நூஹு நாளையும் வெடியோடு போவான். வாங்காவிட்டால் அந்தப் பிள்ளைகளின் வயிறு காயும். பரீனா மீனைக் கூடையிலேயே திரும்ப வைத்தாள்.

"இது வேணாம். அவனத் தூண்டில் போடச் சொல்லு. நாலு மீனெண்டாலும் நான் வாங்குறன், என்ன வில சொன்னாலும் சரி. இண்டைக்குப் புள்ளைகளுக்கு அரிசி தாறன்."

"நீங்க ஒராள் வாங்காட்டி அவன் போகாம இருப்பானா?"

"தெரியாது."

சபூறா கூடையை இறக்கினாள். அப்படியே மணலில் குந்தி முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அண்டைக்கு மேல் காயுது, காய்ச்சல் எண்டு அவர் படுத்துத்தான் கிடந்தார், ராத்தா. கலியாண வீட்டு மீனெண்டு நான்தான் தட்டி எழுப்பினன். இப்ப ஒவ்வொரு நாளும் விடிய சுபஹுக்கு, கடலுக்குப் போக நூஹுவையும் நான்தான் எழுப்புறன்."

பரீனா அவளுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு அவன உறங்க விடு, சபூறா."