பழுப்பேறாத ஸ்லைடு

நாத்தனாரின் சதைத் துணுக்கைத் தன் கையாலேயே சோதிக்க வேண்டிவரும் என்று அவள் நினைத்ததே இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி லேபில் சாயமேற்றும் வேலை அவளுடையது. வேறு யார் மேசைக்குப் போகும்?

கணவனின் தங்கைக்கு வீட்டில் வாயாடி என்று பெயர். மார்பில் வந்த கட்டி ஈரல்வரை போய்விட்டது. கொடுத்துப் பார்த்த மருந்தெல்லாம் கைவிட்டுவிட்டது. மிச்சமிருந்தது ஒரே ஒரு ஊசி மருந்து. அதுவும், கட்டியின் செல்களுக்கு மேற்புறத்தில் ஒரு குறிப்பிட்ட புரதம் நிறைய இருந்தால்தான் கேட்கும். அதைக் காட்டிக்கொடுப்பது ஆன்டிபாடி. புரதத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு சாயம் விட்டால் செல்லின் ஓரமெல்லாம் பழுப்பேறும்.

ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். பழுப்பே இல்லை. எல்லாம் வெளிறிய நீலம்.

கூடவே சாயமேற்றிய இன்னொரு ஸ்லைடை எடுத்தாள். புரதம் உண்டு என்று முன்பே தெரிந்த சதை அது. வேலை ஒழுங்காக நடந்ததா என்று பார்க்க வைப்பது. அதிலும் பழுப்பு இல்லை. அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஆன்டிபாடி குப்பிதான் கெட்டுப்போயிருக்கிறது! விடுமுறையில் அது இருந்த ஃபிரிட்ஜ் நின்றுபோனதை யாரும் கவனிக்கவில்லை.

ஸ்லைடுகளைப் பார்த்து முடிவு சொல்லும் டாக்டரம்மாவிடம் ஓடினாள்.

"இந்த ரிசல்ட் செல்லாதும்மா. புதுக் குப்பி வரவழைச்சு மறுபடி போடு. துணுக்குல மிச்சம் இருக்கா?"

"இல்ல மேடம். சீவிச் சீவித் தீந்துபோச்சு."

"அப்ப திரும்ப ஊசியால குத்தித்தான் சதை எடுக்கணும்."

வாயாடி வார்டுக் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். "போங்க அண்ணி. போன தடவை குத்தினப்பவே உயிர் போயிட்டுத் திரும்பி வந்துச்சு. அதுக்குப் போக்குவரத்தே வேலையா?"

"ஒரே ஒரு தடவை. எனக்காக."

"நம்பிக்கை இருக்கா?"

"இருக்கு. அந்தக் குப்பிதான் கெட்டது. நீ நல்லாத்தான் இருக்க."

அப்படிச் சொல்ல அவளுக்கு ஆதாரம் ஏது? கெட்ட குப்பி உண்டு என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. அது தெரிந்தேதான் சொன்னாள்.

ஊசி ஏறியபோது வாயாடி அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

புதுக் குப்பி வந்தது. புரதம் உண்டு என்று தெரிந்த சதையில் பழுப்பு வலைபோலப் பளிச்சென்று ஏறியிருந்தது. வாயாடியின் ஸ்லைடில் நீலம். மூலைமுடுக்கெல்லாம் நகர்த்தித் தேடினாள். நீலம்தான். இன்னொரு சீவலை எடுத்து ஆன்டிபாடியைத் தாராளமாக ஊற்றினாள். இப்போது ஏறியது பழுப்பு. செல்லில், செல்லுக்கு வெளியே, ஏறக் கூடாத இடமெல்லாம் அப்பிக்கொண்டு.

"இப்படி ஊத்தினா இந்தச் சுவரைக்கூடப் பழுப்பாக்கலாம்," என்றாள் பின்னால் வந்து நின்ற டாக்டரம்மா.

"வேற கம்பெனி ஆன்டிபாடி இருக்கு மேடம். அதையும் ஒரு தடவை..."

"போதும்மா."

"புதுக் குப்பியில முதல்ல போட்ட ஸ்லைடுல ஓரமா லேசாப் பழுப்பு இருக்கு. நீங்களே பாருங்க."

டாக்டரம்மா உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். "எனக்குத் தெரியல. உனக்கு நிஜமாவே தெரியுதா?"

அவள் ஸ்லைடை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

வார்டுக்குள் நுழைந்ததுமே வாயாடி முகத்தைப் படித்துவிட்டாள்.

"இல்லையா அண்ணி?"

"இல்லடி."

"அப்ப குத்தினது?"

"என்னாலதான். நான்தான் உன்னை..." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அழாதீங்க. உங்களுக்கு ஆறுதல் சொல்ற தெம்பு எனக்கு இப்ப இல்ல." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

தலையணையைச் சரிசெய்யப் போன கையை வாயாடி தள்ளிவிட்டாள்.

வெளியே பெஞ்சில் கணவன் ஃபிளாஸ்கோடு காத்திருந்தான். இவளைக் கண்டதும் அவசரமாக எழுந்தான்.

"புது மருந்து எப்ப ஆரம்பிக்கிறாங்களாம்?"

அவள் ஃபிளாஸ்கை வாங்கிக் கீழே வைத்தாள். அவனை உட்கார வைத்துவிட்டுச் சொன்னாள்.