காதறுத்த கிடா

ஆவுடைத்தாய் கழுநீரில் தவிட்டைப் போட்டுக் கலக்கினாள். கறுப்புக் கிடா பாத்திரத்துக்குள் தலையை விட்டு மடமடவென்று குடித்தது. பாளையங்கோட்டைக் கல்லூரியிலிருந்து வந்திருந்த மகன் இசக்கிப்பாண்டி பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"என்னடே, வந்ததுலேருந்து ஒரு மாதிரியா நிக்கே?"

"லேபரட்டரிக்குத் தனியாப் பணம் கட்டணுமாம்மா. கட்டலேன்னா பேரை அடிச்சிருவாங்களாம்."

பச்சைப் பொய்! குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டது. ஐந்தருவிப் பக்கம் வீடு பிடித்து, குளியலும் கறிச்சோறுமாக ஒரு வாரம் இருக்கக் கூட்டாளிகள் திட்டம் போட்டிருந்தார்கள். அதற்குப் பங்குப் பணம் வேண்டும். இல்லை என்று சொல்ல வாய் வருமா? தன் அப்பா பெரிய பண்ணையார் என்றல்லவா அவர்களிடம் அளந்துவைத்திருக்கிறான் இந்த மகராசன்! பாவூர்சத்திரத்துக்குப் பக்கத்தில் அடுத்தவன் வயலை விளைச்சலில் பங்கு வாரத்துக்கு உழுது, நாளெல்லாம் மாடு பூட்டிக் கமலையில் தண்ணீர் இறைக்கிற மாடன்தான் அந்தப் பண்ணையார்.

வீட்டில் விற்பதற்கு என்று இருந்தது அந்தக் கிடா ஒன்றுதான். அதுவும் விற்கக் கூடாத கிடா. போன வருஷம் இசக்கிப்பாண்டி விஷக்காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் போதும் என்று சுடலைமாடனுக்கு நேர்ந்து, காது நுனியை அறுத்து அடையாளம் போட்டு விட்டது. அது யார் வயலில் வாய் வைத்தாலும் ஊரில் ஒருவரும் கம்பெடுத்து விரட்டமாட்டார்கள். வருகிற ஆடிக் கொடைத் திருவிழாவுக்கு அதைக் கோயிலில் கொடுக்க வேண்டும்.

"சாமி குத்தம் ஆயிருமே!" என்று ஆவுடைத்தாய் பதறினாள்.

"கொடைக்குள்ள வேற கிடா வாங்கிருவோம்ட்டி. சாமி பொறுத்துக்கிடும். காலேசுக்காரன் பொறுப்பானா?" என்றார் மாடன்.

அடுப்படியில் அவர்கள் பேசியது இசக்கிப்பாண்டியின் காதில் நன்றாகவே விழுந்தது. மறுநாள் மத்தியானம் அப்பா தென்காசி ஆட்டு வியாபாரி கொடுத்த பணத்தைக் கையில் வைத்தார். முளைக்குச்சியில் வெறும் கயிறு கிடந்தது. அதைப் பார்த்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே!

ஐந்தருவியில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. இரண்டு நாள் ஆட்டமும் பாட்டமுமாகப் போயிற்று. மூன்றாம் நாள் காலையில், தென்காசிக்குப் போன கூட்டாளி சிவசுப்பிரமணியன் விருந்துக்கு ஒரு கிடாயை இழுத்துக்கொண்டு வந்தான். வாசலில் தலை துவட்டிக்கொண்டிருந்த இசக்கிப்பாண்டியைக் கண்டதும் கிடா கயிற்றைப் பறித்துக்கொண்டு ஓடிவந்து அவன் உள்ளங்கையை நக்கியது. ஆமாம், அதே கிடாதான்.

"ஏலே, ஒன் பண்ணை ஆடா இது? இப்படிக் கொஞ்சுது!" என்று சிவசுப்பிரமணியன் சிரித்தான்.

"எனக்கென்ன தெரியும்? சனியன், அங்கன இழுத்துட்டுப் போ" என்று கையை உதறினான் இசக்கிப்பாண்டி. கிடா மறுபடியும் அவன் கையைத் தேடியது.

கத்தியோடு வந்த, கடற்கரை என்ற சமையல்கார அண்ணாச்சி கிடாயின் காதைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சட்டென்று பின்வாங்கினார். "ஆத்தாடி! இது நேர்ந்துவிட்ட கிடால்லா! நான் கத்தி வைக்கமாட்டேன் சாமி."

"எவனோ சாமிக்கு விட்டதையே வித்துத் தின்னுருக்கான் பாருங்க. தூ! அவனெல்லாம் ஒரு மனுசனா!" என்று சிவசுப்பிரமணியன் காறித் துப்பினான்.

அந்த எச்சில் அப்பாவின் முகத்திலேயே விழுந்ததுபோல் இருந்தது இசக்கிப்பாண்டிக்கு.

"துப்பணும்னா என் மூஞ்சியில துப்புலே!" என்று கத்திவிட்டான். "வித்தது எங்கப்பா. அவரு பண்ணையாரு இல்ல, கமலை எறைக்கிறவரு. பீசு கட்டணும்னு நான் பொய் சொன்னேன். அதுக்காக வித்தாரு. அந்தப் பணத்துலதான் மூணு நாளா இங்கன ஆடுதேன்."

புத்தகம் வாங்க வேண்டும் என்று முன்பு ஒரு தடவை பொய் சொல்லி வாங்கிய கைக்கடிகாரத்தைக் கழற்றி, கிடாயின் விலைக்கு ஈடாகச் சிவசுப்பிரமணியனிடம் கொடுத்தான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தான். தென்காசி தாண்டி வீடு வரைக்கும் நடை. வழியில் எதிர்ப்பட்டவர்கள் முதலில் கிடாயின் காதைப் பார்த்தார்கள், அப்புறம் அவனைப் பார்த்தார்கள். அவன் தலை நிமிரவே இல்லை.

சாயங்காலம் கிடாயோடு கண்ணீர் வழிய வந்து நின்ற மகனைப் பார்த்ததும் மாடன் எழுந்து ஓடிவந்தார்.

"என்னடே, பணம் பத்தலையா? பேரை அடிச்சிட்டானுவளா?"

ஆவுடைத்தாயின் கை தன் காதுக்குப் போனது. "அழாதடே. இந்தப் பாம்படத்தக் கழத்தித் தாரேன், நாளைக்கே போய்க் கட்டிரு."

காதறுத்த கிடா போதாதென்று அம்மாவின் காதையும் மூளியாக்க இருந்தோமே என்று அவனுக்கு உடம்பு கூசியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பீசே கெடையாதும்மா" என்று ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொன்னான்.

மாடன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, சாரலில் நனைந்திருந்த கிடாயின் முதுகைத் துடைத்தார். மகன் பக்கம் திரும்பவில்லை.

"சாமி கோவிச்சுக்கிடுமோன்னுதான் மூணு நாளாப் பயந்து செத்தேன். பெத்த பிள்ளைக்குப் பயப்படணும்னு எனக்குத் தெரியலையேடே!" என்றாள் ஆவுடைத்தாய்.

மாடன் கிடாயின் கயிற்றை எடுத்து மகன் கையில் கொடுத்தார். "கொடையன்னைக்கு இந்தக் கயித்தப் பிடிச்சுக்கிட்டு நீதான் நிக்கணும். நேர்ந்த கிடாய ஏன் வித்தியன்னு ஊரு கேக்கும். நீயே பதில் சொல்லு."

"சொல்லுதேன்ப்பா" என்றான் இசக்கிப்பாண்டி, கண்ணைத் துடைக்காமல். "பெத்தவங்க எதை வித்துத் தாராங்கன்னு தெரிஞ்சும் கேக்காம வாங்குன காசு, களவெடுத்த காசுதான். அதை ஊரறியச் சொல்லுதேன்."