சகோதரி விட்டுவிட்ட கத்தல்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரத் திருவருகைக்காலம் பிறந்தால் கன்னியர் மடத்துச் சகோதரிகள் ஆளுக்கொரு பழக்கத்தை விரதமாக விட்டுவிடுவார்கள். இந்த வருடம் ஒருவர் சர்க்கரையை விட்டார். தொழிலாளர் குறைகளைக் கவனிக்கும் மூத்த சகோதரி கத்துவதை விட்டார். அவருடைய குரல் தெருமுனை வரை கேட்கும்.

மறுநாளே லாண்டரியில் துணி மடிக்கும் பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். எட்டு மாதக் கர்ப்பிணி. நின்றுகொண்டே வேலை பார்க்க முடியவில்லை என்றதற்கு, இனி வரவே வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம்.

"இப்பப் போய் வாயக் கட்டிட்டீங்களே சிஸ்டர்."

"வாக்கு குடுத்துட்டேனேம்மா. வா, போய்ப் பாப்போம்."

சகோதரியைக் கண்டதுமே மேனேஜர் டிராயரைத் திறந்து, பஞ்சை எடுத்துக் காதில் அடைத்துக்கொண்டார். எல்லாம் போன வருட அனுபவம்தான். சகோதரி மெல்லப் பேசினார். இயந்திர இரைச்சலில் உதடு அசைவது மட்டுமே தெரிந்தது. மேனேஜருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பஞ்சைப் பிடுங்கிவிட்டு எழுந்து வந்து குனிந்தார்.

"என்னதான் சொல்றீங்க சிஸ்டர்?"

"கத்தக் கூடாதுன்னு விரதம். உக்காந்துகிட்டும் துணி மடிக்கலாம். ஒரு ஸ்டூல் போதும்."

அவ்வளவு அருகில் வந்த பிறகுதான் அந்தப் பெண்ணின் வீங்கிய கால்கள் அவர் கண்ணில் பட்டன. மூலையில் கிடந்த ஸ்டூலைத் தாமே தூக்கிப்போய் மடிக்கும் மேஜையருகே போட்டார்.

"நாளையிலேர்ந்து வாம்மா" என்றவர், சகோதரி பக்கம் திரும்பினார். "இந்த விரதம் எப்ப முடியுது?"

"கிறிஸ்துமஸ் அன்னிக்கு. இன்னும் பதினோரு பேர் நின்னுகிட்டுதான் மடிக்கிறாங்க. விரதம் முடிஞ்சதும் அவங்களுக்காக வரேன்."

மேனேஜர் பஞ்சை மறுபடி டிராயரில் பத்திரப்படுத்தினார்.