கடைசிப் பக்கத்து ருசி

மெர்லின் டீச்சருக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு நுனிதான் சிவக்கும். தேனியில் புத்தகக் கண்காட்சி நடந்த கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே அது நன்றாகச் சிவந்துவிட்டது. காரணம், கூட வந்த ஈஸ்வரபாண்டி.

மனிதர் கம்பம் வட்டாரத்தில் பெயர் சொன்னால் தெரிகிற திராட்சை வியாபாரி. பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி என்னவோ அவர் மனைவி பவானிதான். ஆனால் கூட்டத்துக்கு வருவது, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவது, பேசுவது எல்லாம் இவர். பவானி கையெழுத்துப் போடுவதோடு சரி. இதெல்லாம் எந்த ஊரில்தான் நடக்கவில்லை என்று மெர்லின் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தாள். வகுப்பறைக்குப் புத்தகம் வாங்கவும் குழு கூட வரட்டும் என்று தலைமையாசிரியர் ஞானசிகாமணி சொன்னபோதுதான் அது தன் தலையில் விடியப்போகிறது என்று அவளுக்குப் புரிந்தது.

மறுத்துப் பேச அவளுக்கு வாயில்லை. போன வருடம் தலைமையாசிரியரோடு மல்லுக்கட்டி, வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பைக் கதைப் புத்தகம் படிக்கிற நேரமாக வாங்கியவள் அவள்தான். புத்தகங்களையும் அவளே தேடித் தேடி எடுத்தாள். எல்லாம் நல்ல புத்தகங்கள், சும்மா சொல்லக்கூடாது. என்ன செய்ய, அவளுக்குப் பிடித்திருந்ததே தவிர நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. அலமாரியில் பல்லி முட்டையிட்டதுதான் மிச்சம். இந்த வருடம் தலைமையாசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார்: அரைப் பரீட்சைக்குள் பிள்ளைகள் தாங்களாக எடுத்துப் படிக்க வேண்டும், இல்லையென்றால் அந்த நேரத்தில் வாய்ப்பாடுதான். பிள்ளைகளுக்கென்று வாரத்தில் இருப்பது அந்த ஒரு நேரம். அதைப் பறிகொடுப்பதை நினைத்தாலே மெர்லினுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படிப்பட்ட நிலைமையில் ஈஸ்வரபாண்டி என்ன செய்தார் தெரியுமா? எந்தப் புத்தகத்தை நீட்டினாலும் அட்டையைக்கூடப் பார்க்காமல் பின்பக்கமாகப் பிரித்தார். கடைசிப் பக்கத்தை மட்டும் முணுமுணுத்துப் படித்தார். கதை நல்லபடியாக முடிந்தால் கூடைக்குள் போட்டார், இல்லையென்றால் இருந்த இடத்திலேயே வைத்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மெர்லின், இது என்ன வழக்கம் என்று கேட்டே விட்டாள்.

"கொத்துல மேல இருக்குற பழத்தத் தின்னு பாத்து எவனாவது தெராச்சை வாங்குவானா டீச்சர்? அது முதல்ல பழுத்துரும். அடியில தொங்குது பாருங்க நுனிப் பழம், அதத்தான் வாயில போடணும். அது இனிச்சாக் கொத்து பூராம் இனிப்பு."

கொத்து வேறு, கதை வேறு என்று அவள் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அடுத்து அவர் கைக்குப் போனது ஒரு கழுதைக்குட்டிக் கதை. மெர்லின் அங்கேயே நின்றபடி முழுக்கப் படித்து மனசைப் பறிகொடுத்த புத்தகம் அது. கடைசிப் பக்கத்தில் இரண்டே வரிகள். 'கழுதை திரும்பிப் பார்க்கவே இல்லை. பையன் ஆற்றங்கரையிலேயே நின்றான்.'

ஈஸ்வரபாண்டி புளியங்காயைக் கடித்தவர்போல முகத்தைச் சுளித்தார். "புளிக்குது டீச்சர். பிள்ளைக அழுதுரும். வேணாம்."

முதலிலிருந்து படித்தால் அதன் ருசியே வேறு என்று இவள் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் அடுத்த கடைக்குப் போயாகிவிட்டது. மெர்லின் சுற்றுமுற்றும் பார்த்தாள். தன் பர்ஸைத் திறந்து அந்தக் கழுதையை வாங்கித் தோள்பைக்குள் அமுக்கினாள். குழுவுக்குத் தெரியாமல் செய்வது தப்பு என்று தெரியும். தெரிந்தேதான் செய்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை வகுப்பறையில் புதுப் புத்தகங்களை அடுக்கினார்கள். ரெண்டு வார்த்தை பேசுங்கள் என்று தலைமையாசிரியர் ஒரு மரியாதைக்குச் சொல்லிவைத்தார். அவ்வளவுதான், ஈஸ்வரபாண்டி ஒவ்வொரு புத்தகமாகக் கையில் எடுத்தார்.

"இதுல யானை பத்திரமா மாடியிலருந்து எறங்கிருது. இதுல காணாமப் போன சைக்கிளு கிணத்துக்குள்ள கெடைச்சிருது. இதுல பூனைக்கு மந்திரி வேலை கெடைச்சிருது. எல்லாமே இனிப்பு. பயப்படாமப் படிங்க."

ஒன்று விடாமல் எல்லாக் கதைக்கும் முடிவைச் சொல்லி முடித்துவிட்டு, பெருமையாகத் துண்டை உதறித் தோளில் போட்டார். தீபாவளிக்கு முந்தின நாள் பட்டாசையெல்லாம் தண்ணீரில் முக்கி எடுத்தது போலிருந்தது மெர்லினுக்கு. முடிவு தெரிந்த கதையை எந்தப் பிள்ளை தொடும்? போச்சு, எல்லாம் போச்சு, வாய்ப்பாடுதான் என்று மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டாள்.

கடைசி வரிசையிலிருந்து ஜஸ்டின் மெல்ல எழுந்தான்.

"யானை எப்பிடி மாடிக்குப் போச்சு?"

ஈஸ்வரபாண்டி தலையைச் சொறிந்தார். "அத நான் பாக்கலையேப்பா."

சைக்கிளைக் கிணற்றில் போட்டது யார் என்று ஒரு பிள்ளை கேட்டது. பூனைக்கு எதற்கு மந்திரி வேலை, அது மீனையெல்லாம் தின்றுவிடாதா என்று இன்னொன்று கேட்டது. ஜஸ்டின் பொறுக்கமாட்டாமல் ஓடிவந்து யானையைப் பிடுங்கினான். அவ்வளவுதான், மொத்த வகுப்பும் அலமாரியில் வந்து விழுந்தது. ஒரு புத்தகத்துக்கு நாலு கை. படங்களைப் பார்த்து ஒருத்தி கூச்சல் போட, யானை மாடிப்படி ஏறிய ரகசியத்தை ஜஸ்டின் நின்றபடியே வாசிக்க, மெர்லின் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஈஸ்வரபாண்டியோ, தான் எடுத்த சரக்கு ஒரே மூச்சில் விற்றுப்போன சந்தோஷத்தில் மீசையை நீவினார்.

அதன்பின் அதுவே வழக்கமாயிற்று. பிள்ளைகள் முதலில் கடைசிப் பக்கத்தைப் படித்தார்கள். இது எப்படி நடந்திருக்கும் என்று சண்டை போட்டார்கள். பிறகு முதல் பக்கத்துக்கு ஓடினார்கள். அந்த நேரத்தில் வகுப்புக்குள் வருகிறவர் யாரானாலும் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும், பேசக்கூடாது என்று அவர்களே ஒரு சட்டமும் போட்டார்கள். மேற்பார்வைக்கு வந்த தலைமையாசிரியரே அதில் மாட்டிக்கொண்டு பூனை மந்திரியைப் படித்தார். ஆனாலும் மனிதர் பிடி கொடுக்கவில்லை. அரைப் பரீட்சை வரட்டும், பார்க்கலாம் என்றார்.

கழுதையை மெர்லின் சத்தமில்லாமல் அலமாரியில் சொருகி வைத்திருந்தாள். அதைக் கடைசியில் வீட்டுக்கு எடுத்துப் போனது யார் என்றால், அந்த வகுப்பிலேயே படிக்கிற ஓவியா, ஈஸ்வரபாண்டியின் ஒரே மகள்.

ஓவியா வாய் திறந்து பேசாத பிள்ளை. தினமும் காலையில் அப்பாவின் பைக்கிலிருந்து இறங்கி, நாலு எட்டு வைப்பாள், திரும்பிப் பார்ப்பாள். மறுபடி நாலு எட்டு, மறுபடி திரும்பிப் பார்ப்பாள். அவள் வகுப்புக்குள் போகிறவரைக்கும் அந்தப் பெரிய வியாபாரி கேட்டிலேயே காத்து நிற்பார். லாரி காத்துக்கிடக்கும், போன் அடித்துக்கொண்டே இருக்கும், அசையமாட்டார்.

அரைப் பரீட்சைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் கழுதைப் புத்தகத்தோடு வேகமாக உள்ளே வந்தார். தலைமையாசிரியரும் அங்கேதான் இருந்தார்.

"நான் வேணாம்னு சொன்ன புத்தகம் இங்கன எப்பிடி டீச்சர் வந்துச்சு? நேத்துப் பூராம் எம்பிள்ளை அழுதுக்கிட்டே கெடக்கா."

தலைமையாசிரியர் மெர்லினைப் பார்த்தார். குழுவுக்குத் தெரியாமல் துரும்பு வந்தாலும் அவருக்குப் பிடிக்காது. இவ்வளவு தூரம் வந்து கரை சேருகிற நேரத்தில் இப்படி ஆயிற்றே, நம் கையாலேயே கெடுத்தோமே என்று மெர்லின் தன்னையே நொந்துகொண்டாள். ஜஸ்டின் உதட்டில் விரலை வைத்துச் சட்டத்தை ஞாபகப்படுத்தினான். ஈஸ்வரபாண்டி அவனை முறைத்தார்.

அப்போது ஓவியா எழுந்தாள். அத்தனை பேருக்கு முன்னால் அவள் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை.

"அப்பா, முதல்லருந்து படிங்க."

மனிதர், சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி, மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். போன் அடித்தது, எடுத்துப் பார்க்காமலே அணைத்தார். கதையில், தாயை இழந்த ஒரு கழுதைக்குட்டி. எதைக் கண்டாலும் பயம். வளர்க்கிற பையன் பின்னால் நிற்கிறானா என்று எட்டுக்கு எட்டு திரும்பிப் பார்க்கும். அக்கரையில் மந்தை இருக்கிறது, பாலத்தைத் தாண்டினால் போதும், ஆனால் பாதிப் பாலத்தில் திரும்பி ஓடிவந்துவிடும். மழைக்காலம் முழுக்கப் பையன் அதற்குத் தைரியம் சொல்லிச் சொல்லிப் பழக்குகிறான். ஈஸ்வரபாண்டி வரிக்கு வரி விரல் வைத்து, உதடு அசைய, கடைசிப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தார். அதே இரண்டு வரிகள்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார்.

"புளிக்குதாண்ணே?" என்று மெர்லின் மெதுவாகக் கேட்டாள்.

அவர் இல்லையென்று தலையசைத்தார். தலைமையாசிரியருக்கு ஆவல் தாங்கவில்லை. முடிவு என்ன என்று கேட்டார்.

"முதல்லருந்து படிங்க சார்."

முடிவைத் தவிர வேறெதையும் சொல்லத் தெரியாத மனிதர் சொன்னதைக் கேட்டு வகுப்பே சிரித்தது. தலைமையாசிரியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு புத்தகத்தை வாங்கினார். மணி அடித்து, பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. படித்து முடித்ததும், வெள்ளிக்கிழமை இப்படியே நடக்கட்டும் டீச்சர் என்றார். குழுவைக் கேட்காமல் இனி எதுவும் வாங்காதீர்கள் என்று ஒரு குட்டும் வைத்தார். வைத்தால் என்ன, மெர்லினுக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. அலமாரிச் சாவியை இனி ஓவியா வைத்திருக்கட்டும் என்று முடிவானது.

திங்கட்கிழமை காலை மெர்லின் கேட்டருகே வரும்போது ஈஸ்வரபாண்டியின் பைக் வந்து நின்றது. ஜஸ்டினும் இன்னும் சிலரும் பூட்டிய அலமாரிக்காக வகுப்பு வாசலில் காத்திருந்தார்கள். ஓவியா பைக்கிலிருந்து குதித்தாள். சாவியை உயர்த்திக் காட்டிக்கொண்டே ஒரே ஓட்டமாக ஓடினாள். மைதானத்தைத் தாண்டினாள், படியேறினாள், உள்ளே போய்விட்டாள்.

ஈஸ்வரபாண்டி கேட்டிலேயே நின்றார். லாரிக்காரன் போன் அடித்துக்கொண்டிருந்தான். மெர்லினைப் பார்த்ததும் அவர் முகம் பூராவும் சிரிப்பு, கண்ணில் தண்ணீர்.

"டீச்சர், பாத்தீகளா? திரும்பிப் பாக்கவே இல்ல."