‘வரேன்’ சொல்லும் முறை

செண்பகா அடுக்ககத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் அசைய முடியும். மற்றவர்கள் இருந்தபடியே நிற்பார்கள். காது மட்டும் நிற்காது. அசைகிறவர் ‘வரேன்’ என்று சொன்னால் முறை அடுத்தவருக்குப் போகும். கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொல்வது அபசகுனம் என்பதால் இந்தச் சொல்லை வைத்தார்கள்.

மாடி வீட்டு ஆரோக்கியசாமி அந்தச் சொல்லுக்கு வாயே திறப்பதில்லை. முறையைப் பிடித்துக்கொண்டு மாவாட்டிக்கொண்டே இருந்தார். கீழ்வீட்டு வாசலில் குனிந்தபடி நின்றுபோன வடிவாம்பாளுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. கல்லுளிமங்கன் என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தாள்.

கடைசியில் அவர் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. “வரேன், வரேன்” என்றார் குக்கரிடம். அத்தோடு நின்றார்.

முறை சங்கச் செயலாளர் கோதண்டபாணிக்கு வந்தது. கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர். படியிறங்கி வந்து வடிவாம்பாளிடம் கம்ப்யூட்டருக்கும் இதே பாடுதான் என்று விளக்கினார். ஒரே மூளை, ஏகப்பட்ட வேலை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு வேலையும் தானாக மனமிரங்கி இடம் விட வேண்டும். ஒன்று அடம்பிடித்தால் மொத்தமும் உறைந்துவிடும். இப்போதெல்லாம் நேரம் முடிந்ததும் மணி அடித்து முறையைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். இங்கேயும் மணி வைக்கலாமா என்ற ஓட்டு சரிபாதியாக நிற்கிறது, அவள் ஓட்டுதான் பாக்கி என்றார்.

“மணி வேணும்னா அந்தப் படிக்கட்டு சுவிட்சைப் போடுங்கம்மா. அப்புறம் யாரும் யாரையும் கெஞ்ச வேண்டாம். வரேன்.”

வடிவாம்பாள் நிமிர்ந்தாள். நேரே போய் சுவிட்சில் விரலை வைத்தாள். அப்போது திறந்த கதவு வழியே கணவர் சபாபதி தெரிந்தார். அடுத்த முறை அவருடையது.

போன முறை அவர், “வடிவு, நெஞ்சைப் பிசையுது. இதோ வரேன்” என்று சொல்லிவிட்டார். பழக்கதோஷம். நெஞ்சில் கை வைத்தபடி நின்றுவிட்டார். நிற்கிறவருக்கு எந்த நோயும் முற்றாது. மணி வைத்தால் அவர் முறை தானாக வரும், வலியும் கூடவே வரும். டாக்டரைக் கூப்பிட்டாலும் பயனில்லை. யாருக்கோ வந்த டாக்டர் ஒருவர் பையோடு படிக்கட்டடியில் நிற்கிறார். சங்க உறுப்பினர் இல்லை என்பதால் அவருக்கு முறை கிடையாது.

அவள் விரலை எடுத்தாள். உள்ளே போய்க் கணவர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் அலுப்பாக இருந்தது. இவரை இப்படி நிறுத்திவைப்பது கொடுமை என்றும் தெரிந்தது. மூன்று மாடியும் அவள் வாய் திறக்கக் காத்திருந்தது.

“வலிக்குதோ என்னமோ,” என்றாள். “இருங்க. எல்லாரும் திட்டினா திட்டட்டும். நான் வரல.”