ஆமென் சொல்லுமுன் தூங்கியவன்

உலகத்திலுள்ள தூக்க விஞ்ஞானிகள் எல்லோரும் பிரஜினின் குறட்டையைக் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தாலே எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எங்கள் தூக்க ஆய்வுக்கூடத்துக்கு பிராட்பேண்ட் வந்ததும் முதல் வேலை இதுதான். நாங்கள் பதிந்த தூக்கத்தையெல்லாம் இணையக் களஞ்சியம் ஒன்றில் ஏற்றுவது. யார் வேண்டுமானாலும் இறக்கி ஆராயலாம். தூங்கியவர் யாரென்று மட்டும் தெரியக் கூடாது. பெயர்களை அழித்து எண் போடுவது என் பொறுப்பு. போட்டேன். ஏற்றும் பொத்தானில் விரலும் வைத்துவிட்டேன்.

"ஜிபின், நில்லுடா!" என்றார் ஆய்வுக்கூடத்தை நடத்தும் டாக்டர் நாகேஸ்வரன், காதில் ஹெட்போனோடு. "இவன் தூங்கறதுக்கு முன்னாடி ஊர்ல உள்ளவா பேரையெல்லாம் சொல்லிண்டிருக்கான்!"

பிரஜின் என் கூட்டுக்காரன், நெருங்கிய நண்பன். பழவங்காடியில் மொபைல் கடை. தலை நிறைய வயர் ஒட்டிப் படுக்க வைத்தபோதும் வீட்டு வழக்கத்தை அவன் விடவில்லை. ஜெபம் பண்ணாமல் தூங்கக் கூடாது. ஜெபமென்றால் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைக்க வேண்டும். மைக்கில் எல்லாம் பதிந்திருந்தது. அப்பா ஞானையன், அம்மா செல்லபாய், சித்தி ராஜபாய், கடையில் நிற்கும் யூசுப், பக்கத்து வீட்டுப் பசு அம்மிணி. பிறகு, "ஆண்டவரே, அதோட..." அவ்வளவுதான். குறட்டை.

டாக்டர் நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டார். "பேசிண்டிருக்கும்போதே தூக்கம் விழற நொடி, மூளை அலையோட சேர்த்து! இது கிட்டுமாடா? குரலை மாத்து. பேர் வர்ற இடத்திலெல்லாம் ஒரு பீப் போட்டு மூடு."

மூடினேன். குரலைத் தவளைக் குரலாக்கினேன். பசுவுக்கும் ஒரு பீப் போட்டேன். பிறகு சம்மதம் கேட்கப் பிரஜினை வரவழைத்து, பீப் போடாத அசலையும் போட்டுக் காட்டினேன். கேட்டவன் முகம் வெளிறிப் போயிற்று.

"லேய், இதுல ஜினி பேரு இல்லியேலே!"

ஜினி அவனுக்கு நிச்சயித்த பெண். கழக்கூட்டத்தில் சாப்ட்வேர் வேலை. உன் பேரைச் சொல்லாமல் ஒருநாளும் தூங்கமாட்டேன் என்று அவளிடம் சத்தியம் பண்ணியிருக்கிறான்.

"எல்லாம் பீப்புதானேடா. அவளுக்கு எப்பிடித் தெரியும்?"

"அப்பம் இன்னொரு பீப்பு போடு. கொறட்டைக்கு தொட்டு முன்ன. அதுதான் அவ."

எனக்குக் கை அரித்தது. ஒரேயொரு பீப். ஆனால் அந்த நொடிக்காகத்தானே டாக்டர் துள்ளினார்! அதில் கள்ள பீப்பா? "முடியாதுலே," என்றேன்.

"அப்பிடியெங்கி எனக்கு சம்மதமில்ல," என்று பிரஜின் எழுந்தான். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எனக்குப் பொறுமை கிடையாது. அவன் கண்ணெதிரிலேயே ஜினிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மதியம் அவள் கழுத்தில் ஐடி கார்டு ஆட வந்து ஹெட்போனை மாட்டினாள். கேட்டாள். கழற்றினாள்.

"பசுவுக்கும் பெறகா நான்?"

"அதோடன்னு சொன்னேன்லா பிள்ளே! அடுத்தது நீதான்!"

"வாயில வந்துதா? இல்லல்லா? பின்ன என்ன?"

டாக்டர் இடையில் புகுந்தார். "கொழந்தே, மனசுல நிம்மதி இருக்கிறவன்தான் இப்படிப் பட்டுன்னு தூங்குவான்."

"சாரே, நீங்க சும்மா இரிங்க." அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏத்துங்கண்ணா. உலகம் முழுக்க கேக்கட்டும். ஆனா இவன் இன்னொருக்க இங்க வந்து படுக்கணும். அதையும் ஏத்தணும். முதல் பேரு என் பேரு."

பிரஜின் பூம்பூம் மாடுபோலத் தலையாட்டினான், வந்து படுத்தான், பதிந்தோம். "ஆண்டவரே, பீப்..." உடனே குறட்டை. இரண்டு கோப்புகளும் களஞ்சியத்துக்குப் போயின. டாக்டருக்கு ஒரே ஆனந்தம். ஜினிக்கு அதைவிட ஆனந்தம். இரண்டாவதை இறக்கி, அந்த பீப் தன் பேர்தான் என்று சொல்லி இரண்டு வீட்டாருக்கும் போட்டுக் காட்டினாளாம்.

மறுநாள் ஆய்வுக்கூட வாசலில் பாயும் தலையணையுமாக ஞானையன் மாமா நின்றார்.

"அப்பன ஆண்டவர்ட்ட ஒப்படைக்க அவனுக்கு நேரமில்ல, கேட்டியா? எனக்கும் வயர ஒட்டு மக்களே. அவன் பேர மட்டும் விட்டுட்டு ஊருல உள்ள எல்லாருக்கும் ஜெபிச்சிட்டு நான் தூங்கியேன். அதையும் ஏத்து!"